இனிப்புக்கு ஒதுக்கிய இடம்

அம்மா அப்பா வைத்த பெயர் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் ‘நாக்கு அக்கா’. மேலாளர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான். “நாக்கு அக்கா வந்தாச்சா? அப்ப தொட்டியத் திறக்கலாம்” என்று கலக்கும் கூடத்தில் யாராவது குரல் கொடுப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும், வாயைக் கொடுத்தால் மீளமுடியாது போலிருக்கிறது என்று இரண்டு நாள் ஒதுங்கி நடப்பார்கள். மூன்றாம் நாள், அந்தக் கட்டடத்திலேயே குறைவாகப் பேசுகிறவள் அவள்தான் என்று தெரிந்துவிடும். அவளுடைய நாக்குக்கு வேறு வேலை இருந்தது.

அங்கே குழந்தைகளுக்கான சிரப்புகள் தயாராயின. காய்ச்சலுக்கு ஒன்று, இருமலுக்கு இரண்டு, வயிற்றுப்பூச்சிக்கு ஒன்று. மருந்து சரியான அளவில் கலந்திருக்கிறதா என்று பார்க்க மாடியில் வரிசையாகக் கருவிகள் இருந்தன. ஆனால் குழந்தை அதை விழுங்குமா, இல்லை ஊட்டுகிறவள் முகத்திலேயே துப்புமா என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் கீழ்த்தளத்தில் ருசி அறை. வெள்ளைச் சுவர், ஒரு நீள மேசை, கை கழுவும் தொட்டி, தடுப்புப் பலகையில் கோப்பைகளை உள்ளே நீட்ட ஒரு சின்னத் திறப்பு. மூன்று நாற்காலிகளில் ஒன்று போன வருடத்திலிருந்து காலி. ஒன்றில் சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் தடித்த கண்ணாடிக்காரி உட்காருவாள். ஜன்னலோர நாற்காலி பதினாறு வருடமாக நாக்கு அக்காவுடையது.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் அவள் லேபிள் வரிசையில் நின்றாள். நின்றாள் என்றால் உண்மையாகவே நின்றாள். ஓடிவரும் சீசாக்களில் லேபிள் கோணலாக ஒட்டியவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கண்ணுக்குள் சீசாக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ருசி அறைக்கு ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதும் பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். அப்போதிருந்த மேலாளர் எல்லோரையும் தன் அறையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

“நாக்குல கசப்பு எங்கம்மா தெரியும்?”

அவள் அவருடைய பேனாவையே வாங்கி, அவருடைய மேசைமேல் கிடந்த காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு நாக்கை வரைந்தாள். நுனியில் இனிப்பு. நுனியை அடுத்து இரண்டு ஓரத்திலும் உப்பு. அதற்குப் பின்னால் ஓரங்களில் புளிப்பு. அடிநாக்கில் கசப்பு. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் படத்துக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் அவள் ஒருத்திதான். அறிவியல் டீச்சர் அதை வகுப்புச் சுவரில் குத்திவைத்தார். கோடுகள் இன்னும் கையிலேயே இருந்தன.

“இந்தம்மா போதும். மத்தவங்க போகலாம்” என்றார் மேலாளர்.

அன்றிலிருந்து அந்தப் படம்தான் ருசி அறையின் சட்டம். பெரிய அட்டையில் நான்கு நிறத்தில் வரைந்து சுவரில் மாட்டினாள். வேலை செய்யும் முறையையும் அதை வைத்தே வகுத்துக்கொண்டாள். முதலில் கண்ணாடிக் குச்சியால் சிரப்பைத் தொட்டு நான்கு இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மடக்கு வாயில் ஊற்றி, உருட்டி, துப்பிவிட்டு, ஒவ்வொரு ருசிக்கும் பத்துக்கு எவ்வளவு என்று அட்டையில் மதிப்பெண் எழுத வேண்டும். “வீட்டுல நாலு அறை இருக்கிற மாதிரிதான். அவங்கவங்க அறைக் கதவத் தட்டி விசாரிச்சிட்டு வரணும்” என்று சோடாபுட்டிக்கும் சொல்லிக்கொடுத்தாள். அடிநாக்கில் வைத்த துளியில் இனிப்பும் எட்டிப்பார்க்கத்தான் செய்யும். அது நுனியிலிருந்து வழிந்து வந்தது என்று தள்ளிவிடுவாள். நுனியில் கசந்தால், குச்சி ஆழமாகப் போய்விட்டது என்று அடுத்த தடவை கையைச் சுருக்கிக்கொள்வாள். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூடப் படத்தின்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

வினை, சாப்பிடும்போது வந்தது. மகள் ஏதோ கேட்டாள். இவள் மென்றுகொண்டே பதில் சொல்லப் போய் நுனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் கடி. இரண்டு மாதத்தில் அங்கே பட்டாணி அளவில் ஒரு கட்டி நின்றது. டாக்டர் அதை வெட்டி எடுத்து இரண்டு தையல் போட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று சோதனையிலும் வந்துவிட்டது.

“நுனி மட்டும் கொஞ்ச நாளைக்கு மரத்திருக்கும்மா” என்றார் டாக்டர். “ஆறு மாசம்கூட ஆகலாம். சில பேருக்கு அப்படியே நின்னுபோறதும் உண்டு. சாப்பிட, பேச ஒரு தொந்தரவும் இருக்காது.”

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அன்று கூடவே வந்திருந்தார். “பேசுறதுக்கு அவ எப்பவுமே தொந்தரவு குடுத்ததில்ல டாக்டர்” என்றார். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதில் நுனி என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் நின்றது.

விடுப்பு முடியும் நாள் காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நுனி நாக்கில் வைத்தாள். மணலை வைத்தது போலிருந்தது. வாயை மூடாமல், நாக்கை உள்ளே இழுக்காமல், எச்சில் ஊறி உதட்டோரம் வழியும்வரை நின்று பார்த்தாள். ஒன்றுமில்லை. சந்தேகத்துக்கு மகளின் அறிவியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

“பரிட்சை எனக்கா உனக்கா?” என்று தலை சீவிக்கொண்டே வந்து நின்றாள் மகள்.

“நாக்குப் படம் எந்தப் பக்கத்துல இருக்கு?”

“நாப்பத்தேழு. ஏம்மா, உன் நாக்க நீயே புத்தகத்துல தேடுறியா?”

அதே படம்தான். அவள் வரைந்ததைவிட வழவழப்பான தாளில், இன்னும் நல்ல நிறத்தில். நுனிக்கு நேரே அம்புக்குறி போட்டு இனிப்பு என்று எழுதியிருந்தது.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. காலையில் குடித்த டீ இனித்தது. முந்தின நாள் தின்ற பிஸ்கட்டும் இனித்தது. கணவரிடம் இதைச் சொல்லி, “நெனப்புதாங்க இனிக்குது. நானேதானே சர்க்கரை போடறேன். போட்டது தெரியும்ல, அதான்” என்றாள்.

“நெனப்புக்கு இவ்வளவு ருசி இருந்தா சர்க்கரை வாங்குறதையே விட்டுடலாமே” என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, ரெண்டு கப் நான் போடறேன். ஒண்ணுல சர்க்கரை, ஒண்ணுல இல்ல. கண்ண மூடிக்கிட்டுக் குடி. தெரிஞ்சு போயிடும்” என்றார்.

“வேணாங்க.”

“ஏன்?”

“தெரிஞ்சு போயிடும்.”

அவர் டீயை ஆற்றி அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

தெரியாமல் இருக்கிறவரைக்கும் ஜன்னலோர நாற்காலி இருக்கும். இனிப்பு தெரியாத நாக்கைச் சிரப்பு ருசிக்க யார் வைத்துக்கொள்வார்கள்? திரும்பவும் லேபிள் வரிசைதான். நாற்பத்து நான்கு வயதில், முட்டி வலியோடு, ஓடிவரும் சீசாக்களுக்கு முன்னால்.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் அவள் செய்ததை நினைத்தால் அவளுக்கே கூசியது. ருசி அறையில் ஒருவர் அட்டையை இன்னொருவர் பார்க்கக்கூடாது. அந்த விதியைப் போட்டவளே அவள்தான். இப்போது இனிப்பு என்ற கட்டத்தில் சோடாபுட்டி என்ன எழுதுகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அதையே எழுதினாள். ஒரு வாரத்தில் நான்கு தொட்டிகள், நான்கு அட்டைகள். அவள் வாய்க்குள் வேறு ஒரு எண் தோன்றிய நேரங்களும் உண்டு. நினைப்பு என்று அதை அடக்கிவிட்டாள்.

“என்னக்கா, என் அட்டையில படமா ஓடுது?” என்றாள் சோடாபுட்டி நான்காவது நாள்.

“பேனா எழுதுதான்னு பார்த்தேன்.”

“என் பேனாவா?”

“பேசாம வேலையப் பாரு.”

அதே வாரம் வெள்ளிக்கிழமை வருடாந்திரச் சோதனை என்று அறிவிப்பு வந்தது. தர அதிகாரி நடத்துவது. ஏழு மாதத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த சின்னப் பெண். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் மாட்டாள். அவள் நாக்கு அக்காவை அக்கா என்பாள். நாக்கு அக்கா அவளை மேடம் என்பாள். சோதனை எளிமையானது. மூன்று கோப்பைகள் வரும். இரண்டில் ஒரே சிரப்பு, ஒன்றில் மட்டும் ஏதோ மாறியிருக்கும். எது என்று சொல்ல வேண்டும். இப்படிப் பன்னிரண்டு சுற்று. குறைந்தது எட்டு சரியாக இருக்க வேண்டும். போன வருடம் ஐந்தோடு நின்றவர் இப்போது லேபிள் வரிசையில் இருக்கிறார். காலியாகக் கிடக்கும் மூன்றாவது நாற்காலி அவருடையதுதான்.

வெள்ளிக்கிழமை காலை கணவர் அவளைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். “மரத்துப்போனத அவங்ககிட்ட சொல்லிடேன்” என்றார். “எழுதிட்டுச் சொல்றேன்” என்றாள்.

தடுப்புப் பலகையின் திறப்பு வழியாக முதல் மூன்று கோப்பைகள் வந்தன. வழக்கம் போலக் குச்சியை எடுத்து நுனியில் வைத்தாள். முதல் கோப்பை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதும் அப்படித்தான். அவ்வளவுதான் என்று தோன்றியது.

“அக்கா, குச்சி வேணாமே. குடிச்சே பாருங்க. சுத்துக்கு நாலு நிமிஷம்தான்” என்றது மறுபக்கத்துக் குரல்.

குடித்துப் பார்த்தாள். இரண்டாவது கோப்பையில் இனிப்பு குறைவு. அப்படித்தான் தோன்றியது. குத்துமதிப்பாக எழுதுவது என்றால் எதையாவது எழுத வேண்டும்தானே என்று இரண்டு என்று எழுதினாள். அடுத்த சுற்று. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும். இந்தத் தடவை மூன்றாவது. பிறகு முதலாவது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் அதை நம்பாமலே எழுதினாள். பன்னிரண்டாவது சுற்று முடிந்ததும் தாளை நீட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தர அதிகாரி பலகையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“பதினொண்ணு சரி அக்கா. போன வருஷம் பத்துன்னு பதிவுல இருக்கு.”

“இருக்காது மேடம்.”

“எது?”

“தப்பா திருத்தியிருப்பீங்க.”

தர அதிகாரி தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “இல்லக்கா. ஒண்ணுதான் தப்பு. அது கசப்புல. இனிப்புல வெச்ச ஆறும் சரி.”

“அதான் சொல்றேன். இனிப்புல எனக்குச் சரி வராது.” இவ்வளவு தூரம் வந்தபிறகு மறைத்து என்ன என்று தோன்றியது. “என் நுனி செத்துப்போச்சு மேடம். கட்டிய எடுத்ததுலேருந்து சர்க்கரையே தெரியல. இனிப்புக்கு நுனிதானே? அது இல்லாம ஆறு எப்படிச் சரி வரும்? கோப்பைல நம்பர் மாத்தி ஒட்டியிருப்பீங்க. பாருங்க.”

தேறியவள் தேறவில்லை என்று வாதாடுவதை அந்தப் பெண் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்திருப்பாள். சுவரில் மாட்டியிருந்த நாக்குப் படத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து சர்க்கரைப் பாகுச் சீசாவை எடுத்து, குச்சியைத் தோய்த்து நீட்டினாள்.

“அடிநாக்குல வெச்சுப் பாருங்க.”

“அது கசப்புக்கு.”

“வெச்சுத்தான் பாருங்களேன்.”

வைத்தாள். இனித்தது. வழிந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. வழிந்து வருவதற்கு நுனியில் எதுவுமே இல்லை. ஓரத்தில் வைத்தாள், அங்கேயும் இனித்தது. நுனியில் வைத்தாள், மணல். வேற்று ஆள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல அந்தக் குச்சியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

“எல்லா ருசியும் நாக்கு முழுக்கத் தெரியும் அக்கா” என்றாள் தர அதிகாரி மெதுவாக. “ரொம்ப வருஷத்துக்கு முன்னால யாரோ அளந்தப்ப, இங்க கொஞ்சம் கூட, அங்க கொஞ்சம் கொறச்சல்னு சின்ன வித்தியாசம் வந்துச்சு. அதப் படமா போட்டவங்க நடுவுல வேலி போட்டுட்டாங்க. அப்புறம் புத்தகத்துக்குப் புத்தகம் அப்படியே இறங்கிடுச்சு. நானும் அதத்தான் படிச்சேன். காலேஜ் போனப்புறம்தான் தப்புன்னு தெரியும்.”

“ஏழு மாசமா தெரியும் உங்களுக்கு.”

“ம்.”

“சொல்லல.”

“நீங்க வரைஞ்சதுன்னு சொன்னாங்க.” அவள் முகம் சிவந்துவிட்டது. “அவ்வளவு அழகா இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

நாக்கு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. டீச்சர் மேல் வராது. டீச்சருக்கும் யாரோ சொல்லித்தந்ததுதானே. ஐந்துக்கு ஐந்து வாங்கிய ஒன்பதாம் வகுப்புப் பெண் மேலும் வரவில்லை. ஆனால் வேலைக்குக் கேள்வி கேட்ட அந்த நாளில் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். சீசா கழுவும் பகுதியில் இருந்தவள், ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதே கேள்விக்கு அவள், “கசப்பு எங்கங்கய்யா தெரியும், வாய் பூராத்தான்” என்று சொன்னாள். அறையே சிரித்தது. இவளும் சிரித்தாள். அடுத்த வருடமே அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

“இன்னொரு தடவ வைங்க மேடம்” என்றாள் திடீரென்று. “இனிப்பு மட்டும். நீங்க ஊத்த வேணாம். மாடியிலேருந்து யாரையாவது கூப்பிட்டு ஊத்தச் சொல்லுங்க.”

“அதான் தேறிட்டீங்களே அக்கா.”

“தாள்ல தேறிட்டேன். எனக்குத் தேறணும்.”

மாடியிலிருந்து ஒரு ஆள் வந்து ஊற்றினார். ஆறு சுற்று. இந்தத் தடவை தோன்றியதை நினைப்பு என்று தள்ளாமல், வாய் சொன்னதை அப்படியே எழுதினாள். ஆறும் சரி. தர அதிகாரி கோப்பில், ‘நுனியில் உணர்வு இல்லை. சுவையறிவதில் குறை இல்லை. பணியில் தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். நாக்கு அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை.

“அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். இந்த வாரம் நாலு அட்டைல இனிப்பு நான் போட்டது இல்ல. பக்கத்துல பார்த்து எழுதினது.”

தர அதிகாரி கோப்பில் ஒரு புதுத் தாளைச் செருகினாள். வெளியே தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிடப் போனது.

“அத எழுதித்தான் ஆகணும் அக்கா” என்றாள் கடைசியில். “மேலாளர்ட்ட போகும்.”

“எழுதுங்க.”

“எச்சரிக்கைக் கடிதம் வரலாம்.”

“நாற்காலி?”

தர அதிகாரி யோசித்தாள். “சோதனைல தேறினது தேறினதுதான். அத யாரும் எடுக்க முடியாது.” பிறகு, “அந்த நாலு தொட்டிக்கும் மாதிரிச் சீசா இருக்குல்ல?” என்றாள்.

ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு சீசா எடுத்து அலமாரியில் பூட்டிவைப்பது வழக்கம். நாக்கு அக்கா கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்தாள். சோடாபுட்டியையும் கூப்பிட்டார்கள். நான்கு சீசாக்களும் மேசைமேல் வரிசையாக நின்றன. காய்ச்சல் சிரப்பு சரி. இருமல் இரண்டும் சரி. வயிற்றுப்பூச்சி சிரப்பை வாயில் ஊற்றி உருட்டியதும் அவள் நிமிர்ந்தாள். துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஒரு மடக்கு.

“இதுல இனிப்பு பத்தல.”

“எது பத்தல?” என்றாள் சோடாபுட்டி. “நான் ஏழு போட்டேன். நீங்களும் ஏழுதான் போட்டிருக்கீங்க.”

“நான் போட்டது உன் ஏழு. என்னோடது அஞ்சு.”

“அஞ்சா! என்னக்கா சொல்றீங்க? தேன் மாதிரி இருக்கு.”

“முதல்ல தேன்தான். துப்பின அப்புறம் பாரு. கசப்பு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டு வயசுக் குழந்தை முதல் ஸ்பூன வாங்கிக்கும். ரெண்டாவதுக்கு வாயத் திறக்காது.”

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள், ருசி கண்ணில்தான் இருக்கிறது என்பது போல. ஒரு மடக்கு வாயில் ஊற்றி, உருட்டி, துப்பினாள். காத்திருந்தாள். முகம் மெல்லக் கோணியது.

“ஆறு” என்றாள்.

“அஞ்சு.”

“ஆறுக்கு மேல இறங்க மாட்டேன். நீங்க அக்காவா இருந்தா என்ன.”

“யாரு இறங்கச் சொன்னா? உன் அட்டைல நீ எழுது.”

தர அதிகாரி கிடங்குக்குப் போன் செய்து அந்தத் தொட்டிச் சரக்கு வெளியே போய்விட்டதா என்று கேட்டாள். போகவில்லை, திங்கட்கிழமைதான் வண்டி. நிறுத்திவைக்கச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அவர்கள் இருவரையும் பார்த்தாள். நாக்கு அக்கா புது அட்டை ஒன்றை எடுத்து, சோடாபுட்டிக்குத் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.